பத்துக்குப் பத்து அறையும் பதிவாகும் குரலும்

வீட்டின் ஓர் அறையைப் பாட்டுக்கோ பாட்காஸ்ட் பேச்சுக்கோ உரிய பதிவறையாக மாற்ற முனைவோர் பெரும்பாலும் முதலில் வாங்குவது, கூம்பு கூம்பாக வெட்டப்பட்ட கறுப்பு ஃபோம் அட்டைகளையே. அவற்றைச் சுவரெங்கும் ஒட்டிய பின்னும் தெருவில் போகும் ஆட்டோவின் ஹாரன் பதிவில் விழுகிறது என்றால், அதற்குக் காரணம் ஃபோமின் தரக்குறைவு அன்று. வெளியொலி உள்ளே நுழையாமல் தடுப்பது ஒரு வேலை. உள்ளே எழும் ஒலி சுவர்களில் பட்டுத் திரும்பாமல் அடக்குவது வேறொரு வேலை. முன்னதற்கு எடையும் காற்றுப் புகாத அடைப்பும் தேவைப்பட, பின்னதற்கோ காற்று ஊடுருவக்கூடிய நுண்துளைப் பொருள் தேவைப்படுகிறது.

இரண்டாவது வேலைக்குரிய கணக்கை முதலில் வகுத்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர் வாலஸ் சபைன். அங்குள்ள ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் பேச்சு விளங்கவில்லை என்று 1895இல் அவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவர் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுகளில் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழலொன்றை ஒலிக்கச் செய்து, அது அடங்கும் நேரத்தை அளந்தார். வெற்று அரங்கில் சுமார் 5.5 வினாடி நீடித்த ஒலி, மெத்தைகள் கூடக் கூட விரைந்து அடங்கியது. ஒலி 60 டெசிபல் குறைய எடுத்துக்கொள்ளும் இந்நேரமே எதிர்முழக்கக் காலம் எனப்படுகிறது. அறையின் கன மீட்டர் அளவை 0.161ஆல் பெருக்கி, அறைப் பரப்புகளின் மொத்த உட்கவர்திறனால் வகுத்தால் அது கிடைக்கும்.

தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாகக் காணப்படும் பத்துக்குப் பத்து அறையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உயரமும் பத்தடி என்றால் கன அளவு சுமார் 28 கன மீட்டர். சிமென்ட் பூச்சும் டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் தம்மீது படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உட்கொள்ளும் எனக் கொண்டால், வெற்றறையின் எதிர்முழக்கக் காலம் இரண்டரை வினாடியைத் தாண்டுகிறது. அங்கே நான்கு அங்குலக் கனமுள்ள ராக்வூல் (கல்லிழை) பலகைகளை வெறும் எட்டுச் சதுர மீட்டருக்குப் பொருத்தினாலே அது அரை வினாடி அளவுக்கு இறங்கிவிடும். சிறிய அறைகளுக்கு இச்சூத்திரம் தோராயமானதே எனினும், சுவர் முழுவதையும் மூட வேண்டியதில்லை என்பதை உணர்த்த இது போதும்.

உண்மையான சிக்கல் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலியலை தன்மீதே திரும்பி விழுந்து, சில இடங்களில் பெருத்தும் சில இடங்களில் மறைந்தும் நிற்பதை நிலையலை என்பர். பத்தடி இடைவெளியில் முதல் நிலையலை 56 ஹெர்ட்ஸிலும் அடுத்தது 112 ஹெர்ட்ஸிலும் எழும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றேயாகிவிட்டால் மூன்று திசை அலைகளும் அதே அதிர்வெண்களில் குவிவதால், கனசதுர அறை வாஸ்துக்கு எப்படியோ, ஒலிக்கு மிக மோசமான வடிவம். அதன் நடுமையத்தில் மைக்கை வைத்தால் 56 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய மறைந்துபோக, ஆண்குரலின் அடிச்சுருதி உலவும் 112 ஹெர்ட்ஸ் வீங்கி நிற்கும். மையத்தை விட்டு, ஒரு சுவரிலிருந்து மூன்றிலொரு பங்கு தொலைவுக்கு நகர்வதும், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தொலைவைப் பாதியாக்கி நேரொலியை 6 டெசிபல் உயர்த்துவதும் காசு செலவில்லாத திருத்தங்கள்.

நுண்துளைப் பொருள் அலைநீளத்தின் கால்பங்கை நெருங்கும் கனத்தில் இருக்கும்போதே நன்கு வேலை செய்யும். 100 ஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கு 86 சென்டிமீட்டர் ஆதலால், இரண்டங்குல ஃபோம் கூர்மையான ஒலிகளை மட்டும் விழுங்கி, கீழ்க்குரலை அப்படியே விட்டுவிடும். அவ்வறையில் பதிவாகும் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாகத் தோன்றுவது இதனால்தான். அந்தப் பணத்தைத் தாழ்ந்த ஒலிகள் திரளும் மூலைகளில் கனத்த ராக்வூலுக்குச் செலவிடுவது மேல். மூலையில் சாத்திய இலவம்பஞ்சு மெத்தையும் ஓரளவு உதவும். முட்டை அட்டை இரண்டு வேலைக்கும் ஏறக்குறையப் பயனற்றது, தெர்மகோலும் அப்படியே.

ஒலித்தடுப்பில் பூசப்பட்ட ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எவ்வளவு சிறப்பாக உழைத்தாலும், சுவர்ப்பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. எனவே ஜன்னலுக்கு மேலுள்ள வென்டிலேட்டரையும் கதவின் அடியிடுக்கையும் அடைக்காமல் சுவரில் செலவழிப்பது வீண். கதவைச் சுற்றி ரப்பர் பட்டி, கனமான பலகைக்கதவு, ஜன்னலுக்கு இடைவெளிவிட்டு இரண்டாவது கண்ணாடி ஆகியவை பெரும் மாற்றம் தரும். மாடியில் நாற்காலி இழுபடும் ஓசையோ கான்கிரீட் வழியே நேராக இறங்குவது. அதற்குத் தனிச்சட்டத்தில் நிற்கும் அறைக்குள் அறை கட்டுவதே தீர்வு. வாடகை வீட்டில் அது வீண்செலவு; பின்னிரவில் பதிவு செய்வதே விவேகம்.

எரியக்கூடிய ஃபோமின் ஆபத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்து இரவு விடுதியொன்றில், ஒலிக்காக ஒட்டப்பட்ட பாலியூரித்தேன் ஃபோமில் மேடை வாணவேடிக்கைப் பொறி பற்றியதில் 100 பேர் இறந்தனர். ராக்வூல் எரியாது, ஆனால் அதன் இழை தோலையும் தொண்டையையும் உறுத்தாதிருக்க நெருக்கமாக நெய்த, காற்றோடும் துணியால் அதைப் பொதிந்தாக வேண்டும்.

இடுக்கெல்லாம் அடைபட்ட அறையில் காற்றும் அடைபடும். ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே குளிர்விக்கிறதே அன்றிப் புதுக்காற்றைக் கொணர்வதில்லை. ஆகவே உட்புறம் கிளாஸ்வூல் பதித்து, இரண்டு மூன்று வளைவுகளோடு செல்லும் அகன்ற காற்றுக்குழாய் ஒன்றைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்ப்பது நல்லது; சுவரெல்லாம் முடிந்தபின் துளையிட்டால் அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறந்ததாகிவிடும்.