மதகைப் பூட்டுவது எப்படி?

2024 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கில் நடந்த ஐ.நா. உயர்மட்டக் கூட்டத்தில், மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிய ஒரு பிரகடனத்துக்கு உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தக் கிருமிகள் தொடர்பான சாவுகளை 2030-க்குள் 10 சதவீதம் குறைப்பது அதன் முதன்மை இலக்கு. 2019-ல் அப்படி நேர்ந்த சாவுகள் 49.5 லட்சம் என்ற மதிப்பீட்டை வைத்து இந்தக் கணக்கு போடப்பட்டது. ஆனால், பிரகடனத்தின் முந்தைய வரைவில் இன்னொரு எண்ணும் இருந்தது: கால்நடை, வேளாண் துறையில் ஆன்டிபயாடிக் உள்ளிட்ட மருந்துகளின் பயன்பாட்டை 2030-க்குள் 30 சதவீதம் குறைப்பது. இறுதி வடிவத்தில் அந்த எண்ணைக் காணோம். ‘குறிப்பிடத்தக்க அளவில் குறைக்க முயல்வோம்’ என்ற பொருளில் ஒரு வாசகம் மட்டும் மிஞ்சியது. 49.5 லட்சம் என்பது ஆய்வாளர்கள் கணினி மாதிரிகளைக் கொண்டு கணித்தது. அது குறைந்ததா, கூடியதா என்பது தெரியவே சில ஆண்டுகள் பிடிக்கும். எத்தனை டன் மருந்து தீவன ஆலைக்குள் போனது என்பதை விற்பனை ரசீதே சொல்லிவிடும். எளிதில் எண்ணக்கூடியதைக் கைவிட்டு, எண்ணக் கடினமானதை இலக்காக வைத்துக்கொண்டதுதான் இந்தப் பிரகடனத்தின் அடிப்படைப் பிழை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏரித் தண்ணீரைப் பங்கிடும்போது வயலுக்கு வயல் ஆள் நிறுத்தமாட்டார்கள். மதகில் ஒருவரை நிறுத்துவார்கள். ஓசோன் படலத்தைக் காத்த 1987-ம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை செய்ததும் அதுதான். குளிர்பதனப் பெட்டி வைத்திருந்த கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு அது உபதேசம் செய்யவில்லை. அந்தப் பெட்டிகளில் பயன்பட்ட, ஓசோனை அரிக்கும் குளோரோஃப்ளோரோகார்பனைத் தயாரித்த ஆலைகள் ஒப்பீட்டளவில் மிகச் சிலவே. அந்த உற்பத்திக்குத்தான் உச்சவரம்பு போட்டது. உடன்படிக்கைக்கு வெளியே நின்ற நாடுகளுடன் அந்தப் பொருளில் வணிகம் செய்யவும் தடை விதித்தது. இந்தியாவும் சீனாவும் முதலில் ஒதுங்கி நின்றன. மாற்றுத் தொழில்நுட்பத்துக்கான செலவை ஏற்க 1990-ல் லண்டனில் ஒரு நிதியம் உறுதியான பிறகே சேர்ந்தன. ஆன்டிபயாடிக்குக்கும் இதே போன்ற ஒப்பந்தம் வேண்டும். ஆலை, தீவனம், மொத்தக் கொள்முதல் ஆகிய குறுகலான இடங்களில் அது கைவைக்க வேண்டும்.

இதுவரை உலகம் நம்பியிருப்பது பெரும்பாலும் கடைசி முனையை, அதாவது மருந்துக் கடையையும் நோயாளியையும். ‘மருத்துவர் சீட்டில்லாமல் வாங்காதீர், பாதியில் நிறுத்தாதீர்’ என்ற சுவரொட்டிகள் தவறல்ல. ஆனால், அந்த முனையில் சட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்க்க இந்தியாவையே எடுத்துக்கொள்ளலாம். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த 2010-ம் ஆண்டுக் கட்டுரை, என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு மரபணு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் காட்டியது. பெயரில் ‘நியூடெல்லி’ இருந்ததால் அரசு கொதித்தது. 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. 2014 மார்ச்சில், சில மருந்துகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் ‘எச்1’ பட்டியல் நடைமுறைக்கு வந்தது. 24 ஆன்டிபயாடிக்குகள் அதில் சேர்க்கப்பட்டன. எழுதிக்கொடுத்த மருத்துவர் பெயர், நோயாளியின் பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நல்ல விதிதான். லட்சக்கணக்கான கடைகளில் அந்த நோட்டைத் திறந்து பார்க்க எத்தனை மருந்து ஆய்வாளர்கள் இருக்கிறார்கள் என்று யோசித்தால், அது எந்த அளவுக்குப் பயன்படும் என்பதும் புரிந்துவிடும்.

மதகில் கைவைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சீனா சாட்சி. கோலிஸ்டின் ஒரு பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் ஓரங்கட்டப்பட்டு, மற்ற மருந்துகள் தோற்றபின் தீவிர சிகிச்சைப் பிரிவின் கடைசிப் புகலிடமாகத் திரும்பி வந்தது. அதே மருந்தைச் சீனப் பண்ணைகள் பன்றிகள் கொழுப்பதற்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தன. ஷாங்காய்ப் பண்ணை ஒன்றின் பன்றியிடமிருந்து எடுத்த ஈ.கோலை பாக்டீரியாவில் எம்சிஆர்-1 என்ற மரபணு கண்டறியப்பட்டதாக 2015 நவம்பரில் செய்தி வந்தது. அந்த மரபணு உருவாக்கும் நொதி, பாக்டீரியாவின் வெளிச்சுவரில் சிறு வேதித் துணுக்கு ஒன்றை ஒட்டி அதன் எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துவிடுகிறது. நேர்மின்னூட்டம் கொண்ட கோலிஸ்டினால் அதன்மேல் ஒட்ட முடிவதில்லை. இந்த மரபணு பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் உட்கார்ந்திருந்ததால், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாகத் தாவியது. சில மாதங்களிலேயே பல கண்டங்களில் அதைக் கண்டார்கள். 2017 ஏப்ரல் இறுதியோடு, தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கோலிஸ்டின் கலப்பதைச் சீனா நிறுத்தியது. கோலிஸ்டின் தீவனக் கலவையின் உற்பத்தி 2015-ல் சுமார் 27,000 டன். 2018-ல் சுமார் 2,500 டன். பன்றிகளில் கோலிஸ்டினை எதிர்க்கும் ஈ.கோலை 34 சதவீதத்திலிருந்து 5.1 சதவீதத்துக்கு இறங்கியது. பரிசோதிக்கப்பட்ட மனிதர்களின் குடலிலும் எம்சிஆர்-1 கொண்ட ஈ.கோலை 14.3 சதவீதத்திலிருந்து 6.3 சதவீதமாகக் குறைந்தது. எந்த விவசாயியின் மனத்தையும் இதற்காக மாற்ற வேண்டியிருக்கவில்லை. 2019-ல் இந்தியாவும் உணவுக்கான கால்நடைகளில் கோலிஸ்டினைத் தடை செய்தது.

மதகை மூடினால் தண்ணீர் தானாக வடிந்துவிடும் என்று நினைத்துவிடவும் கூடாது. 1995-ல் டென்மார்க் அவோபார்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தடை செய்தது. அது மனித மருந்தான வான்கோமைசினின் நெருங்கிய உறவு. கறிக்கோழிகளில் வான்கோமைசினை எதிர்க்கும் என்டரோகாக்கஸ் பாக்டீரியா 72.7 சதவீதத்திலிருந்து 2000-ல் 5.8 சதவீதமாகக் குறைந்தது. பன்றிகளிலோ தடைக்குப் பிறகும் ஏறக்குறைய 20 சதவீதத்திலேயே நின்றது. காரணம், பன்றிகளுக்குத் தந்த டைலோசின் என்ற வேறொரு மருந்து. இரண்டு மருந்துகளுக்குமான எதிர்ப்பு மரபணுக்களும் ஒரே பிளாஸ்மிட்டில் பிணைந்திருந்தன. டைலோசின் இருந்தவரை இரண்டும் சேர்ந்தே பிழைத்தன. டைலோசினும் நின்றபின்தான் பன்றிகளிலும் சரிவு தொடங்கியது. ஒரு மருந்தைத் தடை செய்து வேறொன்றைத் திறந்துவிடும் சட்டங்களுக்கு இது எச்சரிக்கை. மொத்த அளவையே கணக்கில் எடுக்காத ஒப்பந்தம் ஓட்டையுள்ளது.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. 103 நாடுகளின் தரவுகளை வைத்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், எதிர்ப்பின் அளவு ஆன்டிபயாடிக் நுகர்வோடு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. கழிப்பிடம், குடிநீர், நிர்வாகத் தரம் ஆகியவற்றோடுதான் ஒத்துப்போனது. அப்படியானால் ஆலையைப் பிடித்து என்ன பயன்? கிருமி உருவாவது வேறு, பரவுவது வேறு என்று பிரித்துப் பார்த்தால் முரண் தெளிகிறது. மருந்து, எதிர்க்கும் கிருமியைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறது. சாக்கடை அதை ஊருக்கெல்லாம் கொண்டுபோகிறது. மருத்துவமனைத் தூய்மை, சுத்தமான நீர், தடுப்பூசி மூன்றையும் சரியாகச் செய்தால் ஆண்டுக்கு சுமார் 7.5 லட்சம் சாவுகளைத் தடுக்கலாம் என்று லான்செட் இதழின் 2024-ம் ஆண்டுக் கட்டுரைத் தொடர் கணக்கிட்டது. மதகு ஒப்பந்தத்தில் ஏழை நாடுகள் சேர்வதற்குப் பணக்கார நாடுகள் தர வேண்டிய விலை இந்தச் சாக்கடையும் குழாயும்தான். ஐ.நா. பிரகடனத்தில் தூண்டுநிதியாக எழுதப்பட்டிருப்பது 10 கோடி டாலர். உலகம் முழுவதற்கும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது: மருந்து கிடைக்காமலே பலர் சாகிறார்கள், நீங்கள் குறைக்கச் சொல்கிறீர்களா? இந்தியா உட்பட எட்டு நாடுகளை ஆராய்ந்த 2025-ம் ஆண்டு ஆய்வு ஒன்றின்படி, கார்பபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் வகைக்கும் அடங்காத கிராம்-நெகடிவ் பாக்டீரியாத் தொற்று கண்டவர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான் தகுந்த மருந்து கிட்டியது. கடைசி முனையில் இறுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே முதற்காரணம். கடையை இறுக்கினால் நசுங்குவது இந்த நோயாளி. தீவன ஆலையை இறுக்கினால் நசுங்குவது மலிவு இறைச்சியின் லாபம். புதிய மருந்தின் கதையும் இதோடு ஒட்டியதுதான். அமெரிக்காவின் அக்காவோஜன் நிறுவனம் பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 2018 ஜூனில் அனுமதி பெற்றது, 2019 ஏப்ரலில் திவாலானது. பத்திரமாக வைத்துச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டிய மருந்தை, விற்ற எண்ணிக்கைக்குக் காசு தரும் சந்தை காப்பாற்றாது. பிரிட்டன் 2022-ல் இரண்டு மருந்துகளுக்குச் சந்தா முறையைத் தொடங்கியது. எவ்வளவு பயன்படுத்தினாலும் ஆண்டுக்கு ஒரு மருந்துக்கு 1 கோடி பவுண்டு வரை நிலையான தொகை என்று அப்போது வகுத்தது. செல்வந்த நாட்டுக்கு இது சரி. சென்னை ஆர்க்கிட் பார்மாவில் கண்டுபிடிக்கப்பட்ட என்மெட்டாசோபேக்டம் 2024-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. இப்படி இங்கே பிறக்கும் மருந்துக்கு இங்குள்ள அரசு மருத்துவமனைகளும் அதே முறையில் பணம் கட்ட, ஒப்பந்த நிதியம் பங்கு போட வேண்டும்.

குளோரோஃப்ளோரோகார்பனுக்கு மாற்று ரசாயனம் இருந்தது, ஆன்டிபயாடிக்குக்கு இல்லையே என்பார்கள். உண்மை. ஆனால், ஆலையிலிருந்து வெளியேறும் மருந்துக் கழிவுக்கு மாற்றுத் தேவையில்லை, சுத்திகரிப்பு போதும். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த நிலையத்தின் வெளியேற்று நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007-ல் ஆய்வு வெளியானது. மாத்திரை விழுங்கியவரின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. 2020 ஜனவரியில் இந்திய அரசு ஆன்டிபயாடிக் எச்சத்துக்கு வரம்பு வைத்து வரைவு விதி வெளியிட்டது. 2021-ல் வந்த இறுதி விதியில் அந்த வரம்புகள் நீக்கப்பட்டிருந்தன. சுத்திகரிப்புச் செலவால் விலை ஏறினால் ஏற்றுமதி சீனாவுக்குப் போய்விடும் என்ற பயம் வீணானதல்ல. ஒரு நாடு தனியாகச் செய்தால் அப்படித்தான் ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆலைக் கழிவு வழிகாட்டிக்குக் கட்டாயம் ஏதும் இல்லை. வாங்குபவர் நினைத்தால் அது கட்டாயமாகிவிடும். நார்வேயின் மருத்துவமனைக் கொள்முதல் அமைப்பு 2019-லேயே ஆன்டிபயாடிக் டெண்டரில் விலையோடு சுற்றுச்சூழலுக்கும் மதிப்பெண் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும், ஐ.நா. முகமைகளும், நம் மாநில மருந்துக் கொள்முதல் கழகங்களும் ஆலைக் கழிவு பற்றிய ஒரே வாசகத்தைத் தங்கள் டெண்டரில் சேர்க்க, இன்னொரு உயர்மட்டக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.