புது வண்டிக்கு ஏன் பத்தியம்?

அண்ணன் புது மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறாரா? முதல் சில நூறு கிலோமீட்டருக்கு விரட்டக் கூடாது என்று மெக்கானிக் சொல்லியிருப்பார். ஏன் தெரியுமா?

சிலிண்டரின் உட்சுவர் வழவழப்பாகத்தான் தோன்றும். உருப்பெருக்கியில் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள்! எண்ணெய் தங்குவதற்காகத் தொழிற்சாலையில் வேண்டுமென்றே போட்டவை அவை. கீறல்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய மேடுகளில் பிஸ்டன் வளையங்கள் உரசுகின்றன. எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 சுற்றுச் சுற்றினால், பிஸ்டன் நொடிக்கு 100 முறை மேலும் கீழும் போய் வருகிறது. புதிதில் மேடுகளின் நுனி மட்டுமே வளையத்தைத் தொடுவதால் வெப்பம் அங்கே குவியும். விரட்டினால் உலோகம் பிய்ந்து கோடு விழும். நிதானமாக ஓட்டினால் நுனிகள் மட்டும் தேய்ந்து, வளையமும் சுவரும் கச்சிதமாகப் பொருந்திவிடும்.

அதற்காக ஒரே வேகத்தில் ஊர்ந்துகொண்டிருப்பதும் சரியல்ல. எரியும் வாயுதான் வளையத்தின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. அந்த அழுத்தம் எப்போதும் குறைவாகவே இருந்தால் வளையம் பொருந்தாது. எண்ணெய் மேலேறி எரிந்து நீலப்புகை வரும். ஆகவே வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைத்து ஓட்ட வேண்டும்.

தேய்ந்த துகள்கள் எங்கே போகும்? எண்ணெயில்தான். முதல் எண்ணெயைச் சீக்கிரமே, பெரும்பாலும் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள், மாற்றச் சொல்வது இதனால்தான். வடித்த எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள்: பொடிப்பொடியாக மின்னலாம்.