வயலின் பெட்டியை மூடிவிடாதீர்கள்!

எஸ்.பி.எம். ஆண்டு பிறந்துவிட்டால் பல வீடுகளில் முதலில் நிற்பது இசை வகுப்புதான். "ஒரு வருஷம்தானே, பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். பரீட்சை முடியும். அடுத்து எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழகம், வேலை என்று வரிசை நீளும். ஏழெட்டு வயதில் தொடங்கி, வாரம் தவறாமல் அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டு, அம்மா வாசலில் காத்திருந்து, மாதாமாதம் கட்டணம் கட்டி வளர்த்த கலை, பெட்டியோடு அலமாரி மேல் ஏறிவிடும்.

கெலுகோர் வட்டாரக் குடும்பங்களுக்கும் இந்தக் கதை புதிதல்ல. வானொலியில் இசைக்கல்வி பற்றிப் பேச்செடுத்தால், சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: "இசை படிச்சா சோறு போடுமா?"

நேர்மையான பதில், சிலருக்குப் போடும், பலருக்குப் போடாது. ஆனால் முழுநேரக் கலைஞராவது, அடியோடு விட்டுவிடுவது என்ற இரண்டுக்கும் நடுவே பெரிய இடம் ஒன்று இருக்கிறது. அதை நம் பிள்ளைகளுக்கு நாம் காட்டுவதே இல்லை. அந்த இடம்தான் சமூக இசைக்குழு.

பகலில் வேலை, மாலையில் சிம்பொனி

சமூக இசைக்குழு என்றால் ஊர்க்காரர்கள் சேர்ந்து வாசிக்கும் குழு. பகலில் ஒருவர் பொறியாளர், ஒருவர் கணக்காளர், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் கல்லூரி மாணவர். வாரத்தில் ஒரு மாலை எல்லோரும் ஒன்றுகூடி ஒத்திகை பார்ப்பார்கள். கச்சேரி நெருங்கினால் ஒத்திகை கூடும். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. சில இடங்களில் போக்குவரத்துச் செலவுக்குச் சிறு தொகை தருவார்கள். இசையே தொழிலாகக் கொண்ட சிலரும் கூடவே இருப்பார்கள். முதல் வயலின் வரிசையை வழிநடத்துவதும் இளையவர்களுக்கு வில் பிடிக்கும் முறையைத் திருத்துவதும் அவர்கள் பொறுப்பு.

நம் பினாங்கிலேயே மாநில அரசின் ஆதரவோடு பினாங்கு பில்ஹார்மோனிக் இசைக்குழு இயங்கிவருகிறது. டேவான் ஸ்ரீ பினாங்கில் அதன் கச்சேரிகளைக் கேட்டவர்கள், மேடையில் இசை ஆசிரியர்களும் மாணவர்களும் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து வாசிப்பதைப் பார்த்திருப்பார்கள்.

அண்டை நாடுகளிலும் இப்படித்தான். இலங்கை சிம்பொனி இசைக்குழு 1958-இல் தொடங்கியது. வேறு வேலை பார்த்துக்கொண்டே இசையை விடாதவர்கள்தான் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வந்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் மக்கள் கழகத்தின் கீழ் 1985-இல் தொடங்கிய இந்திய இசைக்குழு, வீணை, புல்லாங்குழல், மிருதங்கம் போன்ற நம் கருவிகளையே ஒரு குழுவாக உட்கார வைத்தது. அதற்கும் முன்பு, 1952-இல், அகில இந்திய வானொலி தன் 'வாத்ய விருந்தா' குழுவைத் தொடங்கியபோது அதை வழிநடத்தியவர் சிதார் மேதை ரவிசங்கர். காதால் கேட்டுக் கற்ற கலைஞர்களை எழுதி வைத்த இசையை ஒன்றுபோல வாசிக்க வைப்பது அன்று பெரிய சவால். இன்றும் அது நம் பிள்ளைகளின் சவால்தான்.

ஒரே வயலின், இரண்டு உலகம்

கோயில் மண்டபத்திலோ நுண்கலைப் பள்ளியிலோ கர்நாடக வயலின் கற்ற பிள்ளை ஒரு சிம்பொனி குழுவில் போய் உட்கார்ந்தால் முதல் நாளே திகைத்துப்போவாள். கருவி ஒன்றுதான், மற்றதெல்லாம் வேறு.

நம் முறையில் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலையைக் கால் மேல் சாய்த்து வைப்போம். அங்கே நாற்காலி, கருவி தோளில். நாம் நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று பாடகரின் சுருதிக்கேற்பக் கூட்டுவோம். அங்கே ஜி-டி-ஏ-இ என்று எல்லோருக்கும் ஒரே சுருதி, யாருக்காகவும் மாறாது. நமக்கு ஒரு சுரத்தின் உயிர் கமகத்தில் இருக்கிறது. அங்கே ஒரு வரிசையில் பத்துப் பேர் இருந்தாலும் அத்தனை வில்லும் ஒரே நேரத்தில் மேலே போய், ஒரே நேரத்தில் கீழே வரவேண்டும். இங்கே மனோதர்மம் பாராட்டப்படும். அங்கே தாளில் எழுதாத ஒரு சுரத்தை வாசித்தால், நடத்துநரின் பார்வை உங்கள் மேல்தான் விழும்.

இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. இந்த இரண்டு உலகத்துக்கும் பாலம் கட்டியவர்களே நம்மவர்கள்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். சென்னையின் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் கர்நாடகப் பயிற்சி பெற்ற வயலின் கலைஞர்கள் பலர் மேற்கத்திய இசைக்குறிப்பையும் பார்த்த மாத்திரத்தில் வாசித்தார்கள். நாம் கேட்டு வளர்ந்த பாடல்களின் வயலின் வரிசைகள் அவர்கள் விரல்களில் பிறந்தவை.

காது பழகிய பிள்ளைக்குக் கண் பழகவேண்டும். அவ்வளவுதான். தினமும் 15 நிமிடம் புதிய தாள் ஒன்றை எடுத்து, நிறுத்தாமல் வாசித்துப் பழகினால் மாற்றம் தெரியும்.

படிப்பு ஏணி

மேற்கத்திய இசையில் பெரும்பாலான மலேசியப் பிள்ளைகள் ஏறுவது தேர்வு ஏணியில். 1889-இல் பிரிட்டனில் தொடங்கிய ஏ.பி.ஆர்.எஸ்.எம். வாரியமும் டிரினிட்டி கல்லூரியும் நடத்தும் தேர்வுகளில் 1 முதல் 8 வரை கிரேடுகள் உண்டு. ஏ.பி.ஆர்.எஸ்.எம். முறையில் 5-ஆம் கிரேடு இசைக்கோட்பாட்டை முடிக்காமல் 6-ஆம் கிரேடு வாசிப்புக்குப் போவது கடினம். 8-க்கு மேல் டிப்ளோமாக்கள் உண்டு.

பட்டப்படிப்பு வேண்டுமென்றால் வெகுதூரம் போக வேண்டாம். கெலுகோரிலேயே மிண்டன் வளாகத்தில் இருக்கும் யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் கலைப் பிரிவில் இசை ஒரு பாடத்துறை. கோலாலம்பூரில் அஸ்வாரா, ஷா ஆலமில் யூ.ஐ.டி.எம்., தஞ்சோங் மாலிமில் உப்சி என்று வேறு வாசல்களும் உண்டு. சேரும்போது சான்றிதழ் மட்டும் போதாது, நேரில் வாசித்துக் காட்டவும் வேண்டியிருக்கும்.

ஆனால் ஏணியில் ஒரு குறை. கிரேடுத் தேர்வில் பிள்ளை தனியாக வாசிக்கிறாள். மூன்று பாட்டை ஓராண்டு தேய்த்தால் தேறிவிடலாம். பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே தன் பகுதியை வாசிப்பது, 40 அடி இடைவெளி எண்ணிக் காத்திருந்து சரியான இடத்தில் நுழைவது, தவறினால் மீண்டும் சேர்ந்துகொள்வது ஆகிய மூன்றும் குழுவில்தான் வரும். 8-ஆம் கிரேடு முடித்தவர்கள் ஒத்திகையில் திணறுவதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல, கூட்டாக வாசித்த பழக்கம் இல்லாததே.

சோறு போடும் வழிகள்

முழுநேர இசைக்குழு வேலை நம் நாட்டில் மிகக் குறைவு. 1998-இல் தொடங்கிய மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் இடம் பிடிக்க உலகெங்கிலும் இருந்து வருவோருடன் போட்டியிட வேண்டும். அதன் இளையோர் இசைக்குழு மலேசியப் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சிக்களம். வானொலிக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடியது 1961-இல் அல்போன்சோ சோலியானோ தலைமையில் தொடங்கிய வானொலி இசைக்குழு. அதுவே இன்றைய ஆர்.டி.எம். இசைக்குழு. காவல்துறையிலும் ராணுவத்திலும் இசைப் பிரிவுகள் உண்டு. மாதச் சம்பளத்தோடு இசைக்கருவி வாசிக்கும் வேலை அது என்பது பல தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரியாது.

மற்றவர்கள் வாழ்வது கலவையாக. வாரநாளில் மாணவர்களுக்கு வகுப்பு, வார இறுதியில் திருமணமும் விருந்தும், இடையில் ஒலிப்பதிவு, பள்ளி இசைக்குழுப் பயிற்சி. டிசம்பரில் பை நிறையும், வேறு சில மாதங்களில் வறளும். இந்தப் பாதையில் இறங்குபவர் வாசிக்கப் பழகுவதோடு, கணக்கு எழுதவும் இ.பி.எஃப்.-இல் தானாகப் பணம் போடவும் பழகவேண்டும்.

வேறு தொழிலைப் படித்தால் கலை போய்விடும் என்பதும் உண்மையல்ல. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சுப்பிரமணியம் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவர். பிறகு கலிபோர்னியாவில் மேற்கத்திய இசையில் முதுகலை படித்தார். 1985-இல் சுபின் மேத்தா நடத்திய நியூயார்க் பில்ஹார்மோனிக் குழு அவரது படைப்பை வாசித்தது. பண்ணைப்புரத்திலிருந்து வந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இளையராஜா, தன் சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றியது 2025 மார்ச் 8 அன்று. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* பிள்ளை 4 அல்லது 5-ஆம் கிரேடு எட்டியதும் ஏதாவது ஒரு குழுவில் சேர்த்துவிடுங்கள். பள்ளி பேண்டு, கோயில் இசைக்குழு, நண்பர்கள் நால்வர், எதுவானாலும் சரி.

* நம் பிள்ளைகள் பலர் கற்பது பியானோ. இசைக்குழுவில் பியானோவுக்கு இடம் அரிது. இரண்டாவது கருவி ஒன்றை யோசியுங்கள்.

* வயலினுக்குப் போட்டி அதிகம். வியோலா, டபுள் பேஸ், ஓபோ, பசூன் வாசிப்பவர்களைக் குழுக்கள் தேடிக்கொண்டே இருக்கும். வயலின் தெரிந்தவர் சில மாதங்களில் வியோலாவுக்கு மாறலாம்.

* தேர்வு ஆண்டில் வகுப்பை நிறுத்த நேர்ந்தாலும், தினமும் 20 நிமிட வாசிப்பை நிறுத்தாதீர்கள். விரல்கள் மறந்ததை மீட்கக் காலம் பிடிக்கும்.

* வேலைக்குப் போன இளைஞர்களுக்கும் இது பொருந்தும். விட்டுப்போய்ப் பத்தாண்டு ஆகியிருந்தாலும் இரண்டாம் வயலின் வரிசையின் கடைசி நாற்காலியில் தொடங்கலாம்.

அந்தக் கடைசி நாற்காலியை யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை. அங்கே அமர்ந்திருப்பவர் காலையில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, பாலத்து நெரிசலைத் தாண்டி வந்தவராக இருக்கலாம். ஒத்திகை முடிந்து வீடு திரும்பும்போது அவருக்குக் கிடைப்பது சம்பளமில்லை. ஆனால் மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, வாயில் ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருக்கும்.