சைக்கிள் வாலிபனின் எதிர்காலம்

சில தினங்களுக்கு முன் சூரமங்கலம் ரயில்வே ஜங்ஷனுக்கு அருகில் வசிக்கும் தொழிலாளி ஒருவர், பதினாறு வயது நிரம்பிய தமது மகனை அழைத்துக்கொண்டு நமது காரியாலயத்திற்கு வந்தார். பையன் சைக்கிள் பந்தயங்களில் ஈடுபட்டவன். இரண்டொரு பந்தயங்களில் முதலாவதாக வந்தவன். அவனுடைய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அவன் உலகப் புகழ் பெறுவான் என்று தந்தையிடம் சொல்லி வருகிறார்களாம். அதற்கு வெளிநாட்டுச் சைக்கிள் வேண்டும் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு முழு நேரமும் பழக வேண்டும் என்கிறார்கள். தந்தையிடம் உள்ள ஒரே ஆஸ்தி ஒரு வீட்டுமனை. அதை விற்றுவிடலாமா என்று அவர் நம்மைக் கேட்டார்.

"ஐயா, நீங்கள் நாலும் அறிந்தவர்கள். இவன் தேறுவானா, மாட்டானா? ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதன்படி செய்துவிடுகிறேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை நம்மால் சொல்ல முடியவில்லை. சொல்லக்கூடியவர் உலகத்தில் எவரும் இல்லை என்பதே நமது அபிப்பிராயம். ஆயினும் கேள்வி அலட்சியமாகத் தள்ளத்தக்கதன்று. ஒரு குடும்பத்தின் சொத்தும் ஒரு பிள்ளையின் படிப்பும் அதில் அடங்கியிருக்கின்றன. இதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோர் வேறு பலரும் இருக்கக்கூடுமாதலால், நாம் அவருக்குக் கூறியவற்றைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம்.

நியாயஸ்தலங்களில் ஒரே சாட்சியின் வாக்குமூலத்தைக் கொண்டு பெரிய வழக்கைத் தீர்த்துவிட நீதிபதிகள் தயங்குவார்கள். பதினாறு வயதில் பெற்ற பந்தய வெற்றி என்பது அப்படிப்பட்ட ஒற்றைச் சாட்சி. அது பொய் சாட்சி அல்ல. ஆனால் அரைகுறைச் சாட்சி. அந்த வயதில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஒருவனுக்கு மீசை அரும்பித் தொடை தடித்திருக்கும்; அதே ஆண்டில் பிறந்த இன்னொருவன் குழந்தை போலிருப்பான். சர்வதேச விதிகளின்படி ஜூனியர் பிரிவு 17, 18 வயதினருக்கு உரியது. வயதைப் பிறந்த ஆண்டைக் கொண்டே கணக்கிடுகிறார்கள். ஆகவே ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் ஏறக்குறைய ஒரு வருஷ வித்தியாசம் இருந்தும் இருவரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். முந்தி வந்தவன் திறமையால் முந்தினானா, முன்னதாக வளர்ந்ததால் முந்தினானா என்பதை அந்த ஒரு பந்தயம் சொல்லாது.

பரிசோதனைச்சாலை சொல்லுமா என்று கேட்கலாம். நார்வே தேசத்தைச் சேர்ந்த ஆஸ்கார் ஸ்வென்ட்சன் என்ற வாலிபரின் சரித்திரம் இங்கே கவனிக்கத்தக்கது. 2012ஆம் வருஷத்தில் அவரைப் பரிசோதித்தபோது, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நிமிஷத்திற்கு 97.5 மில்லிலிட்டர் பிராணவாயுவை உபயோகிக்க வல்லவர் என்று கணக்கிட்டார்கள். ஆரோக்கியமுள்ள சாதாரண வாலிபருக்கு இது 40 முதல் 50 வரை இருக்கும். புகழ் பெற்ற பந்தய வீரர்களே 80ஐத் தாண்டினால் பெரிது. அதே வருஷம் அவர் ஹாலந்து தேசத்து வால்கன்பர்க் நகரில் ஜூனியர் உலகப் போட்டியில், தனித்து ஓட்டி நேரங்காட்டும் பந்தயத்தில், முதலாவதாக வந்தார். இதைவிட உறுதியான சாட்சியம் யார் கேட்க முடியும்? ஆனால் 2014இல், இருபது வயதில், அவர் பந்தய வாழ்க்கையையே விட்டு விலகிவிட்டார். நுரையீரலையும் இருதயத்தையும் அளந்தவர்கள் மனத்தை அளக்கவில்லை. அதை அளக்கும் கருவியும் அவர்களிடம் இல்லை.

இதற்கு நேர்மாறான சரித்திரமும் உண்டு. ஸ்லோவேனியா தேசத்து பிரிமோஷ் ரோக்லிச் 2007இல் பனிச்சறுக்குத் தாண்டுதலில் ஜூனியர் உலகப் பட்டம் பெற்ற குழுவில் ஒருவர். பதினாறு வயதில் அவரைச் சைக்கிள் வீரர் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். இருபது வயதைத் தாண்டிய பிறகே அவர் பந்தயச் சைக்கிளுக்கு வந்தார். 2019இல் ஸ்பெயின் தேசத்தைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தை வென்றார்; 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கமும் பெற்றார்.

இளமையிலேயே ஒளிவிட்டு, அவ்வொளி மங்காமல் வளர்ந்தவர்களும் இல்லாமலில்லை. பெல்ஜியத்தின் ரெம்கோ எவன்போல் 2018இல் ஜூனியர் உலகப் பட்டங்கள் இரண்டையும் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயங்கள் இரண்டிலும் தங்கம் பெற்றார். ஆனால் அந்த 2018இலேயே பெல்ஜியத்தில் நடந்த ஒரு ஜூனியர் பந்தயத்தின் ஒரு கட்டத்தில் அவரை முந்தியவர் யார்? ஆப்பிரிக்காவில் எரித்ரியா என்னும் ஏழை நாட்டிலிருந்து வந்த பினியம் கிர்மாய். சர்வதேச சைக்கிள் சங்கம் சுவிட்சர்லாந்தில் ஏகிள் என்ற ஊரில் நடத்தும் பயிற்சி நிலையத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. ஐரோப்பியப் பந்தயங்களில் பழகும் வாய்ப்பும் அதனால் கிடைத்தது. 2024இல் பிரான்ஸ் தேசத்தைச் சுற்றும் பந்தயத்தில் மூன்று கட்டங்களை வென்று பச்சைச் சட்டையையும் அடைந்தார். அவ்விடம் கிடைக்காமற் போயிருந்தால், அஸ்மாரா நகரத்துத் தெருக்களில் அவரும் கெட்டிக்காரப் பையன்களில் ஒருவராகவே பேசப்பட்டிருப்பார்.

இப்படியிருக்க, ஒரு பையனை எதைக் கொண்டு மதிப்பிடுவது? சூரமங்கலத்துப் பிள்ளைக்கு அதற்குரிய கருவி கண்ணெதிரே நிற்கிறது. அது சேர்வராயன் மலை. சேலம் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரத்தை அடைந்தால், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். பையனுடைய எடை 60 கிலோ, வண்டியின் எடை 9 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் உயரத்தை ஒரு மணி நேரத்தில் ஏறினால், பூமியின் ஈர்ப்பை வெல்வதற்கு மட்டும் அவன் சராசரியாகச் சுமார் 188 வாட் சக்தியைச் செலவிடுகிறான். அதையே 45 நிமிஷத்தில் ஏறினால் சுமார் 250 வாட். காற்றின் தடையும் சக்கரத்தின் உராய்வும் இதற்கு மேற்பட்டவை. உலகின் முதல்தர மலையேறிகள் அரை மணி நேரத்திற்கு மேலும் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 6 வாட் அளவில் சக்தி கொடுக்கிறார்கள். 60 கிலோ வாலிபனுக்கு அது 360 வாட் ஆகும். லட்ச ரூபாய்க் கருவி எதுவும் இல்லாமலே, ஒரு கைக்கடிகாரமும் ஒரு தராசும் கொண்டு இவ்வளவையும் கணக்கிட்டுவிடலாம்.

ஆனால் இன்றைய கணக்கு எவ்வளவு என்பது முக்கியமன்று. பதினாறிலிருந்து பதினேழுக்கும், பதினேழிலிருந்து பதினெட்டுக்கும் அது எப்படி வளர்கிறது என்பதே முக்கியம். கடுமையாகப் பழகாமலே நன்றாக ஏறும் பையனிடம் வளர்ச்சிக்கு இடமிருக்கிறது. சிறு வயதிலேயே தினம் பல மணி நேரம் வதைத்துப் பழக்கப்பட்ட பையன் தன் எல்லையைத் தொட்டுவிட்டிருக்கலாம். இன்று நூறு கிலோமீட்டர் ஓட்டியவன் நாளை மறுபடியும் ஓட்டுகிறானா? கூட்டத்தில் நெருங்கி ஓட்டும்போது கலங்காமலிருக்கிறானா? தோற்ற பிறகு சாக்குச் சொல்லுகிறானா, காரணம் தேடுகிறானா? இவற்றையெல்லாம் ஒரு நாளில் அல்ல, சில வருஷங்களில்தான் காண முடியும்.

பொறுத்திருந்து பார்ப்பதன் பயனைச் சேலம் ஜில்லா நன்கு அறியும். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். 2020 டிசம்பரில், 29ஆம் வயதில், அவர் இந்தியாவுக்காக முதன்முதலில் பந்து வீசினார். அந்த ஒரே ஆஸ்திரேலியப் பிரயாணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இடம் பெற்றார். பெரியவடகம்பட்டி மாரியப்பன் சிறு வயதில் பஸ் விபத்தில் கால் ஊனமுற்றவர்; 2016இல் ரியோ நகரில் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். பதினாறு வயதில் இவர்களுக்குத் தீர்ப்பெழுதச் சொல்லியிருந்தால் நம்மில் எத்தனை பேர் சரியாக எழுதியிருப்போம்?

இனி, தேசத்தின் நிலைமையையும் கூறவேண்டும். 1938இல் சிட்னி நகரில் நடந்த எம்பயர் விளையாட்டுகளில் ஜானகி தாஸ் இந்தியாவின் சார்பில் சைக்கிள் ஓட்டினார். 1948, 1952, 1964 ஆகிய ஒலிம்பிக்குகளில் இந்தியச் சைக்கிள் வீரர்கள் கலந்துகொண்டார்கள். அதன் பிறகு 2024 பாரிஸ் வரை ஒருவர்கூட இல்லை. இதற்குக் காரணம் நம் பிள்ளைகளிடம் திறமையில்லாமையா? அல்லவே! 2018இல் அந்தமானைச் சேர்ந்த ஈஸோ ஆல்பன் ஜூனியர் உலகத் தடச் சைக்கிள் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2019இல் அவர் இடம் பெற்ற இந்தியக் குழு ஜூனியர் உலகத் தங்கத்தையே வென்றது. பதினெட்டு வயதில் உலகை வெல்ல நம்மால் முடிகிறது. பதினெட்டுக்கும் இருபத்து மூன்றுக்கும் இடைப்பட்ட வருஷங்களில்தான் நாம் பின்தங்குகிறோம்.

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் சைக்கிள் கொடுக்கிறது. அண்ணா பிறந்த நாளையொட்டி ஜில்லாதோறும் 13, 15, 17 வயதிற்குட்பட்டவர்களுக்குச் சாதாரண இந்தியச் சைக்கிளில் பந்தயம் நடைபெற்று வருகிறது. இவை போற்றத்தக்கவை. ஆனால் சாலைப் பந்தயக்காரன் உண்மையில் உருவாகவேண்டிய வயது பதினேழுக்குப் பிறகே தொடங்குகிறது. பெல்ஜியத்துப் பையன் பருவகாலம் முழுவதும் வாரந்தோறும் பந்தயம் ஓட்டுகிறான். நம் பையனோ பந்தயத்தைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையில் இரண்டு மணி நேரம், ஏற்காட்டுச் சாலையில் போக்குவரத்தை நிறுத்தி ஓர் ஏற்றப் பந்தயம் நடத்துவது இயலாத காரியமா? ஜில்லா கலெக்டரும், போலீசாரும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தாரும் மனம் வைத்தால் இது அடுத்த மாதமே நடக்கும். 2007 முதல் சேலம் ரயில்வே கோட்டம் நம் ஊரிலேயே இருக்கிறது. உருக்காலை பக்கத்திலேயே இருக்கிறது. இந்த ஸ்தாபனங்கள் இரண்டு மூன்று வாலிபர்களுக்கு உத்தியோகம் கொடுத்துப் பழக நேரமும் கொடுத்தால், எந்தத் தகப்பனும் வீட்டுமனையை விற்க வேண்டியதில்லை.

நமது நண்பருக்கு நாம் கூறிய யோசனை இதுதான்: மனையை விற்க வேண்டாம். பையன் பிளஸ் டூ முடிக்கட்டும். அவன் உடலுக்கு அளவான பழைய பந்தயச் சைக்கிள் ஒன்று வாங்கினால் இப்போதைக்குப் போதும். தலைக்கவசமின்றி ஓட்டக்கூடாது, மலைப்பாதைக்குத் தனியே போகக்கூடாது, இறங்கும்போது வேகம் காட்டக்கூடாது. ஒவ்வொரு மாதமும் ஏறிய நேரத்தை எழுதி வரட்டும். மூன்று வருஷம் கழித்து மறுபடியும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

அதுவரை வாய் திறவாமல் நின்ற பையன் அப்போது தன் பையிலிருந்து ஒரு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து நம்மிடம் நீட்டினான். "எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், ஐயா" என்றான். ஏழு மாதக் கணக்கு அதில் இருந்தது. ஐந்தாவது வளைவு, பத்தாவது வளைவு, பதினைந்தாவது வளைவு என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்திருந்தான். நல்ல நாட்களை மட்டுமல்ல, காய்ச்சலுக்குப் பின் பதினொன்றாவது வளைவிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போன நாளையும் மறைக்காமல் எழுதியிருந்தான். தந்தைக்கு இது தெரியாது. அவர் புஸ்தகத்தை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தயங்களில் அவன் பெற்ற கோப்பைகளைவிட அந்த நோட்டுப் புஸ்தகம் நமக்கு அதிக நம்பிக்கையை அளித்தது. எனினும் அவன் தேறுவான் என்று நாம் இன்றும் சொல்லமாட்டோம். தேறுவதற்குரிய காலத்தையும் சாலையையும் அவனுக்கு மறுக்கக்கூடாது என்று மட்டும் சொல்லுவோம். அவ்வளவு செய்வது தகப்பனாரின் கடமை மட்டுமன்று. இந்த ஜில்லாவின் கடமையும் ஆகும்.