பழைய காருக்குக் குளிர்சாதனம்

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி செல்லும் சாலையில், நண்டலாற்றை நெருங்குமிடத்தே அமைந்துள்ளது பூவம் கிராமம். கார் என்றதும், இஃது செல்வர் வீட்டுச் செய்தி, உழவர்க்கும் பஞ்சாயத்து உறுப்பினர்க்கும் இதனால் ஆவதென்ன என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. இத்தகைய சிற்றூர்களில் ஓடும் பழைய கார்களில் பெரும்பாலானவை வாடகைக்கு ஓடுபவை. பிரசவத்திற்குக் காரைக்கால் மருத்துவமனைக்குச் செல்லும் பெண்ணும், திருநள்ளாற்றுக்கு வரும் யாத்திரிகரும், கலியாண வீட்டாரும் அவற்றையே நம்பியுள்ளனர். சித்திரை, வைகாசி மாதங்களில், "ஏ.சி. உண்டா?" என்பதே சவாரி கேட்போரின் முதற் கேள்வி. இல்லையென்றால் சவாரி வேறு வண்டிக்குப் போய்விடுகிறது. புதிய கார் வாங்க வழியில்லாத ஒரு குடும்பத்தின் கோடைகால வருவாய் இவ்வொரு சாதனத்தைப் பொறுத்திருக்கிறது.

இச்சாதனத்தின் பெயரால் நம் மக்கள் வீணாக்கும் பணம் சிறிதன்று. ஒரு வாடகைக் கார் உரிமையாளர், தம் வண்டிக்கு ஒரே கோடையில் மூன்று முறை 'கேஸ் அடித்ததாக' நம்மிடம் கூறினார். மூன்று முறையும் பணிமனையில் சொன்ன காரணம் ஒன்றே: "கேஸ் தீர்ந்துவிட்டது." இங்கேதான் முதல் உண்மையைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. குளிர்சாதன வாயு, பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருளன்று. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. பல ஆண்டுகளில் இரப்பர்க் குழாய்களின் வழியாகவும், கம்ப்ரஸர் அச்சின் அடைப்பு வழியாகவும் சிறிது கசியலாம். ஆனால் ஒரே கோடையில் மும்முறை குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பது திண்ணம். ஓட்டையைத் தேடாது வாயுவை நிரப்புவது, வரப்பில் நண்டு வளையை விட்டுவைத்து மடையை மட்டும் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

சாதனம் வேலை செய்யும் முறை கடினமானதன்று. மண்பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. காரிலும் நிகழ்வது இதுவே. நீருக்குப் பதிலாக, மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் ஒரு திரவம் அங்கே பயன்படுகிறது. இக்காலத்துக் கார்களில் பெரும்பாலும் உள்ள ஆர்-134ஏ என்னும் வாயு, திறந்த வெளியில் பூஜ்யத்திற்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். உட்புறக் கூலிங் காயிலில் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 30 பவுண்டு அழுத்தத்தில் இருக்கும்போது, பனிக்கட்டியின் குளிர்ச்சியை ஒட்டிய வெப்பநிலையில் அது கொதித்து, வண்டிக்குள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அவ்வாவியைக் கம்ப்ரஸர் இழுத்து அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதைப் போல, அழுத்தப்பட்ட ஆவி வெகுவாகச் சூடேறுகிறது. முன்புறம் ரேடியேட்டருக்கு எதிரே நிற்கும் கன்டென்ஸரில் அச்சூடு வெளிக்காற்றுக்குப் போய்விட, ஆவி மீண்டும் திரவமாகிறது. டிரையர் என்னும் சிறு குப்பி அதிலுள்ள ஈரத்தைப் பிடித்துக்கொள்ள, எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியே திரவம் மீண்டும் உள்ளே செல்கிறது. நம் பகுதியின் கோடைப் பகலில் கன்டென்ஸர் பக்கத்து அழுத்தம் 200 பவுண்டுக்கு மேற் செல்வதும் உண்டு.

பழைய கார்களுக்கென்று தனியானதொரு சிக்கல் உண்டு. அவற்றின் குளிர்சாதனங்கள் ஆர்-12 என்னும் வாயுவுக்காகச் செய்யப்பட்டவை. அவ்வாயு வானில் உயரச் சென்று ஓசோன் படலத்தை அரிக்கிறது. இதைத் தடுக்க 1987-இல் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியா 1992-இல் அதிற் சேர்ந்தது. 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, 2003 முதல் புதிய சாதனங்களில் இவ்வகை வாயுவைப் பயன்படுத்துவது நிறுத்தப்பட்டது. 2008 ஆகஸ்டு முதல் நாளோடு, மருந்துத் தேவைக்கன்றி, அதன் உற்பத்தியும் நின்றது. அவ்வாயுவைச் செய்துவந்த இந்தியத் தொழிற்சாலைகளுள் ஒன்று நம் காவிரி நீர் வரும் மேட்டூரிலேயே இருந்தது என்பதை இங்கே குறிப்பிடலாம். ஆகவே இன்று எவரேனும் 'அசல் பழைய கேஸ்' என்று சொல்லி விற்க வந்தால் ஐயுற வேண்டும்.

பழைய சாதனத்தை ஆர்-134ஏ வாயுவுக்கு மாற்றுவது இயலும். எனினும் பழையதை வெளியேற்றிப் புதியதை ஏற்றிவிட்டால் போதும் என்று சிலர் செய்கின்ற வேலை ஓராண்டுகூடத் தாங்குவதில்லை. முதற் காரணம் எண்ணெய். கம்ப்ரஸருக்கு வேண்டிய மசகு எண்ணெய், வாயுவோடு கலந்தே சுற்றி வரவேண்டும். பழைய கனிம எண்ணெய் புதிய வாயுவோடு கலவாது. அது காயிலில் தேங்கி நின்றுவிட, கம்ப்ரஸர் எண்ணெயின்றித் தேய்ந்து இறுகிப்போகும். ஆகவே பழைய எண்ணெயை இயன்றவரை வடித்து, குழாய்களைக் கழுவி, எஸ்டர் வகை எண்ணெயை அளவோடு இடவேண்டும். அடுத்தது டிரையர். பழைய டிரையரின் ஈரமுறிஞ்சும் மணிகள் புதிய வாயுவுக்கு ஏற்றவையல்ல. மேலும் சாதனத்தைத் திறந்த பொழுதெல்லாம் டிரையரை மாற்றுவதே முறை. இதிற் சிக்கனம் பார்ப்பது பெரும் நட்டத்தில் முடியும். புதிய வாயுவின் மூலக்கூறு சிறியதாகையால் பழைய இரப்பர்க் குழாய்களின் சுவரினூடேயும் கசியும். உட்சுவரில் தடுப்புப் படலம் உள்ள ஹோஸ் குழாய்களையும், புதிய வாயுவுக்கேற்ற ஓ-ரிங்குகளையும் போடவேண்டும்.

இனி வெற்றிடம் இழுத்தல். பணிமனைகளில் பெரிதும் புறக்கணிக்கப்படுவதும், நம் கருத்தில் எல்லாவற்றிலும் முக்கியமானதும் இதுவே. கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. திறந்த குழாய்க்குள் அக்காற்று புகுந்து நிற்கிறது. அவ்வீரம் வால்வின் துளையில் உறைந்து அடைத்துக்கொள்ளும்; வாயுவோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். வெற்றிடப் பம்பை அரை மணி நேரத்திற்குக் குறையாமல் ஓட்டினால், உள்ளிருக்கும் நீர் வெற்றிடத்தில் ஆவியாகி வெளியேறும். பின்னர்ப் பம்பை நிறுத்திக் கால் மணி நேரம் அழுத்தமானியைப் பார்த்திருக்க வேண்டும். முள் நகர்ந்தால் கசிவு உண்டு, வாயு ஏற்றலாகாது. நைட்ரஜனை அழுத்தி ஏற்றி, சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருமிடத்தைக் காணலாம். குழாய்களின் பொருத்துவாயில் எண்ணெய்ப் பசையோடு தூசி ஒட்டியிருப்பதும் கசிவின் அடையாளமே. ஆக்ஸிஜன் கொண்டு அழுத்திப் பார்ப்பது எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கக் கூடியது. அதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது.

வாயுவைக் கைமதிப்பாக ஏற்றாமல் தராசில் நிறுத்து ஏற்றவேண்டும். ஆர்-12-க்குக் குறிக்கப்பட்டிருந்த எடையில் 80 முதல் 90 சதவீதம் போதும். கூடுதலாக ஏற்றினால் கூடுதலாகக் குளிரும் என்பது தவறான எண்ணம். அழுத்தம் ஏறிக் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸரும் கெடும். அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரஸரை நிறுத்தும் சுவிட்சு பழைய வண்டியில் இல்லையெனில் பொருத்துதல் அவசியம்.

மலிவைக் கருதிச் சிலர் சமையல் எரிவாயுவையோ அதையொத்த கலவையையோ ஏற்றுகின்றனர். அதுவும் குளிர்விக்கவே செய்யும். ஆனால் கூலிங் காயில் இருப்பதோ பயணிகளின் காலருகே. அங்கே கசிந்தால், கண்ணாடிகள் ஏற்றிய வண்டிக்குள் தீப்பற்றும் வாயு தேங்கும். ஒரு தீப்பொறி போதும். இதனினும் கொடியது போலி வாயு. ஆர்-134ஏ என்று முத்திரையிட்ட உருளைகளில் மெத்தில் குளோரைடு கலந்து விற்கப்பட்டதுண்டு. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப்பட்டதும் தானே பற்றியெரியும் பொருளை உண்டாக்குவது. 2011-இல் கப்பல்களில் செல்லும் குளிர்பதனப் பெட்டிகள் இதனால் வெடித்து, பழுதுபார்ப்போர் உயிரிழந்தனர். ஆகவே பெயர் அறிந்த உற்பத்தியாளரின் முத்திரை உடையாத உருளையைக் கண்முன் திறக்கச் சொல்வதும், இரசீதில் வாயுவின் பெயரையும் எடையையும் எழுதி வாங்குவதும் வண்டி உரிமையாளரின் உரிமை.

முன்பு குளிர்சாதனமே இல்லாத காரில் புதிதாகப் பொருத்துவதும் உண்டு. 1957 முதல் 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாஸடர் கார் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதன் பரந்த என்ஜின் அறையில் கம்ப்ரஸருக்கு இடம் உண்டு. டாஷ்போர்டின் கீழே தொங்கும் வகைக் காயிலையும் அமைக்கலாம். ஆனால் கம்ப்ரஸர் சில குதிரைச் சக்தியை எடுத்துக்கொள்ளும். நாற்பது குதிரைச் சக்திக்கும் குறைவான பழைய 1,489 கன செ.மீ. டீசல் என்ஜினுக்கு இது பெருஞ்சுமையே. இழுவை குறையும், எரிபொருள் கூடும் என்பதை முன்னரே அறிந்து இறங்குக. மிகப் பழைய வண்டியில் டைனமோ இருப்பின் அது தரும் ஏறத்தாழ 20 ஆம்பியர் மின்சாரம், விளக்கு, விசிறி, கம்ப்ரஸர் கிளட்சு ஆகிய அனைத்துக்கும் போதாது, ஆல்டர்நேட்டர் வேண்டும். ரேடியேட்டர் அடைத்திருந்தால் அதை முதலிற் சீர்செய்க. கதவுகளின் இரப்பர்ப் பட்டையும், என்ஜின் பக்கத்துத் தகட்டிலுள்ள துளைகளும் சரியில்லாத வண்டியில் எத்துணைச் சிறந்த சாதனமும் பயன் தராது. நம் அனுபவத்தில், பாதி வண்டிகளுக்கு முதல் மருந்து இரப்பர்ப் பட்டைதான்.

கன்டென்ஸர் சிறிதும் பெரிதுமாகப் பல அளவுகளிற் கிடைக்கும். இடம் கொள்ளும் மட்டும் பெரியதாக, தட்டைக் குழாய்கள் ஒருங்கே ஓடும் புதுவகையைத் தெரிந்தெடுத்து, தனி மின்விசிறியும் வைத்தல் நலம். பூவம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அதன் அலுமினிய இதழ்களை வெண்பொடியாக உதிர்த்துவிடுகிறது. சம்பா அறுவடைக் காலத்திலோ, சாலையில் பரப்பிய வைக்கோலின் தூசும் பதரும் அதன் இடுக்குகளில் சென்று அடைத்துக்கொள்கின்றன. ஆறின வண்டியில், மெல்லிய தாரையாக நல்ல நீர் விட்டுக் கழுவினாற் போதும். பணிமனையின் அழுத்த நீரால் இதழ்கள் மடிந்துவிடும். சாலையிற் கதிர் பரப்புதல் பிற விபத்துகளுக்கும் காரணமாவதால், களம் அமைக்கும் பணியில் பஞ்சாயத்துக்கள் கருத்துச் செலுத்துதற்கு இஃதும் ஒரு காரணமாகும்.

இவ்வேலையைக் கற்க விரும்பும் கிராம இளைஞர்க்கு அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் குளிர்பதனத் தொழிற்பிரிவு உண்டு. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. எனினும் கரியமில வாயுவைப்போல 1,300 மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்க வல்லது. கிகாலித் திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுள்ளமையால் இனி வருமாண்டுகளில் இதுவும் படிப்படியாகக் குறைக்கப்படும். ஆகவே பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடாது, மீட்பு இயந்திரத்தால் உருளையிற் பிடித்துக்கொள்ளும் பழக்கமுள்ள பணிமனையையே நாடுக.

மழைக்காலத்தில் மாதக்கணக்காகச் சாதனத்தை இயக்காமல் விட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது. அப்போது கம்ப்ரஸர் அச்சின் அடைப்பு எண்ணெயின்றி உலர்ந்து, வாயு அவ்வழியே கசியத் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும், மார்கழிப் பனியிலுங்கூட, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டி வைக்கவேண்டும். கண்ணாடியில் படியும் ஆவி நீங்குவது அதனால் கிடைக்கும் உடனடிப் பயன்.