மூச்சுக்குழாய்க்குள் ஒரு ஸ்கேன்

வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், கொடைக்கானல் போய்ச் சேர்வதற்குள் பலூனாக உப்பிவிடும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவதால், உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. நெஞ்சுக்குள் கட்டி உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. கட்டிக்குள் நீர் மட்டும் இருந்தால் மலையேறினாலும் பருக்காது. காற்று சிக்கியிருந்தால் பருக்கும். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய கொடைக்கானலின் அளவுதான். பறக்கும்போது இத்தகைய கட்டியிலிருந்து காற்று ரத்தத்தில் கலந்து மூளை வரை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான், ஆனால் விளையாட்டல்ல.

கட்டிக்குள் காற்று இருந்தால் சிடி ஸ்கேன் சட்டென்று காட்டிவிடும். ஏமாற்றுவது நீர்தான்.

கருவில் மூச்சுக்குழாய் கிளைவிடும்போது ஒரு துணுக்கு வழிதவறித் தனியே தங்கிவிடுவது உண்டு. பிறவியிலேயே வரும் இந்த நீர்க்கட்டியின் உட்சுவர் சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். ஆண்டுகள் போகப்போக அது கூழாகக் கெட்டிப்பட்டால், சிடி படத்தில் சதைக்கட்டி போலவே தெரியும். புற்றுநோயா, டிபியில் வீங்கிய நெறியா என்று வீடே கலங்கிப்போகும்.

டாக்டர்கள் 'ஈபஸ்' என்று சொல்லும் கருவி இங்கேதான் கைகொடுக்கிறது. மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் வளையும் குழாயான பிராங்கோஸ்கோப்பின் நுனியில் சின்னஞ்சிறு அல்ட்ராசவுண்ட் கருவியைப் பொருத்தியிருப்பார்கள். குழாயின் தடிமன் சுமார் 7 மில்லிமீட்டர். தொண்டையை மரத்துப்போகச் செய்து, தூக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக உள்ளே விடுவார்கள். காற்றைத் தாண்டி அல்ட்ராசவுண்ட் போகாது. அதனால் நுனியில் உள்ள பலூனில் உப்புநீரை நிரப்பி, குழாய்ச் சுவரோடு ஒட்டிவைப்பார்கள். சுவருக்கு அப்பால் உள்ளது திரையில் விரியும். நெறிகள் சாம்பல் நிறம், தெளிந்த நீர் கருப்பு. ரத்தக் குழாயும் கருப்புதான். டாப்ளரைப் போட்டால் ரத்த ஓட்டம் வண்ணமாகத் தெரிந்து அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லிய ஊசியைத் திரையில் பார்த்தபடியே செலுத்தலாம். முன்பெல்லாம் இந்த ஊசியைக் குத்துமதிப்பாகத்தான் போட்டார்கள். 2000-களின் தொடக்கத்தில் ஜப்பானில் உருவான இந்தக் கருவி, இப்போது இந்தியப் பெருநகர மருத்துவமனைகளில் பெரும்பாலும் டிபி, புற்றுநோய் நெறிகளைச் சோதிக்கவே பயன்படுகிறது.

ஆனால் நெறிக்குப் பொருந்துவது நீர்க்கட்டிக்குப் பொருந்தாது. கிருமி புக இடமில்லாத பைக்குள் வாய் வழியாகப் போன ஊசி கிருமியைக் கொண்டுசேர்த்தால், கட்டி சீழ்பிடித்து, தொற்று நெஞ்சின் நடுப்பகுதிக்கே பரவலாம். நீரை முழுதாக உறிஞ்சினாலும் சுரக்கும் சுவர் அப்படியே இருப்பதால் கட்டி மறுபடி நிரம்பக்கூடும்.

கொடைக்கானல் மலையில் மன்னவனூர் பக்கம் செம்மறி வளர்ப்பவர் ஒருவர் நெஞ்சில் நீர்க்கட்டியோடு வந்தால், "வீட்டில் நாய் இருக்கிறதா?" என்று டாக்டர் கேட்பதும் சும்மா இல்லை. நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால், ஈரலிலோ நுரையீரலிலோ ஹைடாடிட் கட்டி உண்டாகும். அதில் ஊசி பட்டு நீர் கசிந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம்.

நிரந்தரத் தீர்வு அறுவை சிகிச்சைதான். பலருக்கு இப்போது சிறு துளைகள் வழியாகவே செய்துவிடுகிறார்கள். கட்டி மூச்சுக்குழாயை அழுத்தித் திணறவைக்கும்போது, மயக்க மருந்தைத் தாங்க முடியாதவர்களுக்கு மட்டும், ஆன்டிபயாடிக் கொடுத்து ஈபஸ் வழியாக நீரை எடுப்பதுண்டு. மற்றபடி, திரையில் தெளிவான கருப்பு வட்டம் தெரிந்து, அதில் ரத்த ஓட்டமும் இல்லையென்றால், குத்தாமலேயே குழாயை வெளியே எடுத்துவிடும் டாக்டர்கள் உண்டு.