தட்டைப் பாதமும் பள்ளிச் சிறுவரும்

நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைச் சிற்றூர்களில் பெற்றோர் பலருக்கும் ஓர் ஐயம் உண்டு. "பிள்ளையின் பாதம் தட்டையாக இருக்கிறதே, நாளை பட்டாளத்தில் சேர இயலாமற் போகுமோ?" என்று கவலையுறுகின்றனர். சிலர் கடன் வாங்கி விலையுயர்ந்த பூட்ஸ் வாங்கவும் முற்படுகின்றனர். இதுபற்றிய உண்மையைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அறிந்து மற்றவர்க்கும் எடுத்துரைத்தல் நலம்.

நிற்கும்போது உள்ளங்கால் முழுவதும் தரையில் படிவதே தட்டைப் பாதமாகும். சிறு குழந்தைகளுக்கு இது இயற்கை. அவ்வயதில் உள்ளங்காலில் கொழுப்புத் திரண்டிருக்கும். எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் தளர்ந்திருக்கும். பெரும்பாலோர்க்குப் பத்து வயதிற்குள் வளைவு தானே அமைந்துவிடும்.

இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். ஈரக் காலுடன் பிள்ளையைச் சிமெண்டுத் தரையில் நிற்கச் செய்து தடத்தைப் பாருங்கள். தடம் இடைவெளியின்றி முழுமையாகப் பதிந்தால், பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு தோன்றி, வலியும் இல்லையெனில் அஞ்ச வேண்டுவதில்லை. இராணுவ மருத்துவத் தேர்விலும், நுனிக்காலில் வளைவு தோன்றி, வலியின்றி நன்கு ஓடவும் துள்ளவும் வல்லவர் தட்டைப் பாதத்திற்காக மட்டும் விலக்கப்படுவதில்லை.

வெறுங்காலுடன் ஓடியாடும்போது பாதத்தின் தசைகள் உழைத்து வலுப்பெறுகின்றன. மணிப்பால் மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 சிறாரை ஆராய்ந்து 1992-இல் முடிவை வெளியிட்டனர். காலணி அணிந்து பழகியோரில் நூற்றுக்கு 8.6 பேருக்கும், அணியாதோரில் 2.8 பேருக்கும் தட்டைப் பாதம் காணப்பட்டது. மூடிய பூட்ஸ் அணிந்தோரிடம் அது மிகுதி. செருப்பு அணிந்தோரிடம் குறைவு. வலியில்லாத பிள்ளைக்கு விசேஷ பூட்ஸ் வளைவை உண்டாக்குவதுமில்லை. அப்பணத்தைப் பாலுக்கும் முட்டைக்கும் செலவிடுவது மேல்.

ஆயினும், காலணியே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. உப்பளத்திலும், சீமைக் கருவேல முள் கிடக்கும் பாதையிலும், கொதிக்கும் மணலிலும் செருப்பு இன்றியமையாதது. மலம் கலந்த மண்ணிலிருந்து கொக்கிப்புழு பாதத்தின் வழியே உட்புகுந்து இரத்தசோகையை விளைவிக்கும். எனவே, வீடுதோறும் கழிப்பறை இருப்பதும் அது பயன்படுவதும் பாதநலத்திற்கும் அடிப்படையாகும்.

கால் வலிப்பதாகப் பிள்ளை அடிக்கடி கூறினாலும், நுனிக்காலிலும் வளைவு தோன்றாவிடினும், ஒரு கால் மட்டும் தட்டையாக இருப்பினும், பாதம் விறைத்திருப்பினும் தாமதியாது மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2013-இல் தொடங்கிய ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் எனும் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிகளுக்கே வந்து பிள்ளைகளைச் சோதிக்கிறது. அந்நாளில் எந்தப் பிள்ளையும் விடுபடாமல் பார்ப்பது உறுப்பினர்களின் கடமை.

பள்ளி விளையாட்டிடத்தில் கண்ணாடித் துண்டும் முள்ளும் தூண்டில் முனையும் அகற்றித் தூய மணல் பரப்புங்கள். சிறுவர் அங்கே அச்சமின்றி வெறுங்காலுடன் ஓடியாடட்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை; ஒரு நாள் சிரமதானம் போதும்.